கால் ஊறவைத்தல் (பினாங்கு)

வெதுவெதுப்பான நீரில் கணுக்கால்வரை பாதங்களை அமிழ்த்தி, அழுக்கையும் அசதியையும் போக்கும் வீட்டுப் பராமரிப்பு கால் ஊறவைத்தல் ஆகும். மலேசியாவின் பினாங்கில் இதன் தேவை மிகுவது தைப்பூசத்தின்போது.

1894 முதல் ஓடிவரும் நகரத்தாரின் வெள்ளித் தேர், பினாங்கு வீதிக் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நோக்கிப் புறப்படுகிறது. பக்தர்கள் அதனுடன் வெறுங்காலில் நடக்கிறார்கள். வெயிலில் காய்ந்த தார்ச்சாலை ஒருபுறம்; தேருக்கு முன் குவியல் குவியலாகச் சிதறடிக்கப்படும் தேங்காய்களின் ஓட்டுச் சில்லுகள் மறுபுறம். மலைமேல் பாலதண்டாயுதபாணி கோவிலுக்கு ஏற 513 படிகள் உண்டு. வீடு திரும்பும்போது குதிகால் கன்றிப்போய், பித்தவெடிப்புகளில் மண் ஏறியிருக்கும்.

பினாங்கின் பழைய தொழில்களும் பாதத்தைப் பதம் பார்த்தவையே. துறைமுகத்தில் தமிழர்கள் மூட்டை சுமந்தார்கள். ஆயர் ஈத்தாம் ஆற்றோரத்து டோபிகாட்டில் சலவைத் தொழிலாளர்கள் தண்ணீரில் நின்றே துணி துவைத்தார்கள். ஓயாத ஈரம் விரலிடுக்கைச் சேற்றுப்புண்ணாக்கும் என்பதால், ஊறவைத்தலுக்கும் நேர எல்லை வேண்டும். நீரில் சேர்ப்பது இனத்துக்கு இனம் மாறும். சீனர்களிடம் உறங்குமுன் இஞ்சி அல்லது மூலிகை கொதித்த நீரில் கால் வைக்கும் வழக்கம் தொன்மையானது. மலாய்க்காரர் மூலிகைக் குளியல்களில் செராய் (எலுமிச்சைப்புல்) சேர்ப்பர். தமிழர் கைக்கு எட்டுவன கல் உப்பும் மஞ்சளும் வேப்பிலையும். எப்சம் உப்பு இங்கிலாந்தின் எப்சம் ஊரில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறியப்பட்ட கசப்பு நீரூற்றிலிருந்து வந்தது. ஆங்கிலேய மருத்துவர் நெகேமியா குரூ 1695இல் அதைப் பற்றி நூல் எழுதினார். வேதியியலில் அது மக்னீசியம் சல்பேட். எந்த உப்பைப் போட்டாலும் அசதியைத் தீர்ப்பது நீரின் சூடுதான்.

செய்முறை எளிது. அகன்ற பேசினில் நீர் ஊற்றி, முழங்கையால் சூடு பார்த்து, ஒரு கைப்பிடி கல் உப்பு கரைக்க வேண்டும். 10 முதல் 15 நிமிடம் போதும். அதற்கு மேல் தோலின் எண்ணெய்ப் பசை கரைந்து வெடிப்பு கூடும். ஊறி இளகிய குதிகாலைக் கால் தேய்க்கும் கல்லால் மென்மையாகத் தேய்த்து, விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி, ஈரம் சற்றே மிச்சமிருக்கும் குதிகாலில் தேங்காய் எண்ணெயோ யூரியா களிம்போ தடவுவது வழக்கம். விரலிடுக்கில் எண்ணெய் கூடாது. சில்லு கிழித்த காயத்தை ஊறவைக்காமல் ஓடும் நீரில் கழுவ வேண்டும். ஆழமாக இருந்தால் மருத்துவரிடம் காட்டி டெட்டனஸ் ஊசி பற்றிக் கேட்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் கால் ஊறவைக்கக் கூடாது. உணர்விழந்த பாதம் கொதிநீரையும் அறியாது. கழுவும் நீரும் 37 பாகை செல்சியசைத் தாண்டக் கூடாது. 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களிடையே இவ்விகிதம் இன்னும் அதிகம்.

இன்று மின்சாரக் கால்குளியல் தொட்டிகளும் பொட்டல எப்சம் உப்பும் கடைகளில் கிடைக்கின்றன.