வெள்ளியை மறைத்த வெண்ணிலா

2023-ஆம் ஆண்டு, மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. பொழுது சாய்ந்ததும், மோகனூர்க் காவிரிக் கரையில் நின்று மேற்கே பார்த்தவருக்கும், எதிர்க்கரையில் வாங்கலிலிருந்து பார்த்தவருக்கும் ஒரே காட்சிதான். மெல்லிய பிறை, அதன் அடியில், தொங்கவிட்ட முத்தெனச் சுடர்விட்ட வெள்ளிக் கோள்! நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை 1888-இல் பிறந்த ஊர் மோகனூர். கவிஞரைத் தந்த ஊரின் வானம் அன்று கவிதையாகவே காட்சியளித்தது. இந்நாட்டு இசுலாமியருக்கோ அன்றுதான் இரமலான் நோன்பின் முதல் நாள். பிறையும் மீனும் தோன்றிய பொருத்தம் கண்டு அவர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

எனினும் நம் மாலைப் பொழுதில் தெரிந்தது முடிவுரை மட்டுமே. நிகழ்ச்சி அதற்கு முன்பே, பகலவன் ஒளி அடங்காத பிற்பகலிலேயே, தென்னாட்டு வானில் நடந்தேறிவிட்டது. நிலா வெள்ளியின் முன்னே வந்து அதை மறைத்தது, பிறகு விடுவித்தது. தொலைநோக்கி உடையோர் அதனைக் கண்டனர். இல்லாதார், விடுபட்ட வெள்ளி பிறையை ஒட்டி நின்றதை மாலையிலே கண்டனர். கண்டவருள் சிலர் நற்சகுனம் என்றனர். சிலர், எந்த இராசிக்கு என்ன பலன் என்று ஆராயத் தொடங்கினர். எது எதற்கு முன்னே போயிற்று, அதனால் தெளிவாவது என்ன என்று கேட்டோர் சிலரே. அந்தச் சிலருக்காகவே இக்கட்டுரை.

நிலா நம்மிடமிருந்து ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது. வெள்ளியோ அன்று 18 கோடிக் கிலோமீட்டருக்கும் அப்பால் நின்றது. நிலா விண்மீன்களுக்கிடையே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மணி நேரத்தில் ஏறக்குறையத் தன் அகலமளவு நகர்கிறது. அவ்வாறு நகர்கையில் வழியில் கோள் ஒன்று நிற்குமாயின், அதனை மறைத்து, ஒரு மணி நேரத்துக்குள்ளாகவோ சற்றுக் கூடுதலாகவோ விட்டுவிடும். வளர்பிறையாயின் இருண்ட விளிம்பு முன்னே செல்லும். ஆகவே கோள் இருட்டில் மறைந்து, ஒளிப்பக்கத்தில் வெளிவரும்.

இதை உலகத்தார் அனைவரும் ஒருங்கே காண்பதில்லை. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் பாருங்கள். பின்பு கண்ணை மாற்றிப் பாருங்கள். விரல் அசையவில்லை, ஆனால் விரலுக்குப் பின்னால் தெரியும் சுவர் அசைந்ததுபோல் தோன்றும். குமரிமுனை ஒரு கண், தில்லி மறுகண். இவ்விரு இடங்களிலிருந்து பார்த்தால், நிலா அதன் அகலத்தில் பாதிக்கு மேல் இடம் மாறித் தோன்றக்கூடும். ஆகவே ஓரூரில் மறையும் கோள் மற்றோரூரில் நிலாவின் விளிம்பை ஒட்டி நழுவிச் செல்கிறது. தொலைவிலிருக்கும் பொருளுக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை. நிலா நமக்கு அண்மையில் இருப்பதற்கே இது சான்று.

இச்சான்றை முதன்முதல் ஏட்டில் எழுதி வைத்தவருள் ஒருவர் கிரேக்க அறிஞர் அரிசுடாட்டில். பாதி நிறைந்த நிலா செவ்வாயை நெருங்கியதையும், செவ்வாய் இருண்ட பக்கத்தில் புகுந்து ஒளிப்பக்கத்தில் வெளிப்பட்டதையும் தாமே கண்டதாக அவர் எழுதினார். எகிப்தியரும் பாபிலோனியரும் நெடுங்காலமாகவே பிற கோள்களுக்கும் இவ்வாறு கண்டு குறித்துள்ளனர் என்றும் சொன்னார். அவர் கண்டது கி.மு. 357-ஆம் ஆண்டு நிகழ்ச்சி என்று பிற்காலத்தார் கணித்துள்ளனர். அவர் எடுத்த முடிவு ஒரே வரியில் அடங்கும்: மறைப்பது அருகே, மறைவது அப்பால். இதற்குத் தவம் வேண்டுவதில்லை, அருள்வாக்கு வேண்டுவதில்லை. கண் வேண்டும், கண்டதை மறுக்காத நெஞ்சம் வேண்டும்.

நம் நாட்டில் என்ன சொல்லப்பட்டது? விட்டுணு புராணத்தையும் பாகவதத்தையும் புரட்டிப் பாருங்கள். நிலத்துக்கு மேலே ஞாயிறு. ஞாயிற்றுக்கும் மேலே, நூறாயிரம் யோசனை உயரத்தில் நிலா. நிலாவுக்கு மேலே நட்சத்திர மண்டலம். அதற்கும் மேலே புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி! நிலா ஞாயிற்றுக்கு மேலே இருப்பது மெய்யானால், அது ஞாயிற்றை மறைப்பது எங்ஙனம்? 2019 திசம்பர் 26-ஆம் நாள், மோகனூருக்கு எதிரே ஆற்றுக்கு அப்பால் உள்ள கரூரில், ஞாயிறு நெருப்பு வளையமாகத் தெரிந்தது. நிலா முன்னே நின்றமையால் நடுப்பகுதி மறைந்து, ஓரம் மட்டுமே ஒளிர்ந்தது. புராணக் கணக்கைப் பொய்யாக்க, வேறு எங்கும் போக வேண்டியதில்லை. ஆற்றைக் கடந்தால் போதுமாயிருந்தது.

புராணத்தின் மறுபாதிக்கும் விடை வந்தது. விண்மீன்கள் கீழே, வியாழன் மேலே என்றன அந்நூல்கள். அனுசம் என்று சோதிடர் சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்த ஒளிமிக்க மீன் ஒன்றை, 1971 மே மாதத்தில் வியாழன் கடந்து மறைத்தது. பெண் பார்க்கும் இடத்தில் 'அனுசமா, கேட்டையா' என்று கேட்கிறார்களே, அந்த அனுசம்தான்! குரு முன்னே, நட்சத்திரம் பின்னே. வரிசை தலைகீழாயிற்று.

சேலம் சமவெளிக்கு வடக்கே, சவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையம் இருக்கிறது. 1977 மார்ச்சு 10-ஆம் நாள், யுரேனசுக் கோள் துலாக் கூட்டத்து மீன் ஒன்றை நெருங்கிக் கடப்பதை அங்கே பட்டாச்சாரியா, குப்புசாமி என்னும் அறிஞர்கள் நோக்கியிருந்தனர். எதிர்பாராத வேளையில் மீனின் ஒளி சில வினாடிகள் மங்கிற்று. புதிய துணைக்கோளோ என்று முதலில் எண்ணினர். அதே நிகழ்ச்சியைப் பிற நாட்டார் வானூர்தியிலிருந்தும் கண்டதை ஒப்பிட்டபோது, யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகுக்குத் தெரியவந்தது. ஒன்று மற்றொன்றை மறைப்பதைப் பார்ப்பது வேடிக்கையன்று. புதிய உலகையே அது காட்டித் தருகிறது.

இதையெல்லாம் நம் முன்னோர் அறியாதவரோ? அறிந்தவரும் இருந்தனர். கி.பி. 499-இல் ஆரியபட்டர், விண்மீன்கள் எல்லாவற்றிற்கும் அப்பால், நிலா நமக்கு மிக அருகில் என்று சரியான வரிசையை எழுதினார். ஞாயிற்றை நிலா மறைக்கிறது, நிலாவை நிலத்தின் நிழல் மறைக்கிறது என்று பட்டவர்த்தனமாகச் சொன்னார். இராகுவுக்கும் கேதுவுக்கும் அங்கே வேலையில்லை! பொறுத்தார்களா? 628-இல் பிரமகுப்தர், இராகுவை மறுத்ததற்காக ஆரியபட்டரைக் கடிந்தார். வேத நூல்களுக்கு மாறென்றார். ஆனால் கிரகணத்தைக் கணிக்க உட்கார்ந்தபோது அவரும் நிழலைத்தான் கணக்கிட்டார்! பதினொன்றாம் நூற்றாண்டில் இந்நாட்டுக்கு வந்த அல்பிரூனி இந்த இரட்டை நாக்கைக் கண்டு வியந்து, சாக்ரட்டீசுக்கு நேர்ந்தது தமக்கும் நேருமோ என்ற அச்சமே பிரமகுப்தரை அவ்வாறு பேச வைத்திருக்கும் என்று எழுதினார். அறிவு இல்லாமற் போனதன்று நம் குறை. அறிந்தவன் வாயைப் பூட்டிய ஆதிக்கம் இருந்ததே, அதுதான் குறை.

சென்னையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வு நிலையத்தில், போக்சன் என்னும் ஆங்கிலேயரின்கீழ் முதன்மை உதவியாளராயிருந்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் மரபிலே பிறந்தவர். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874 திசம்பர் 9-ஆம் நாள் வெள்ளிக் கோள் ஞாயிற்றின் முன்னே கடந்தபோது, அதனை மக்களுக்கு விளக்கச் சிறு நூல் எழுதி, இந்திய மொழிகளிலும் வெளிவரச் செய்தார். அதைவிடப் பெரிது, பழைய வாக்கியப் பஞ்சாங்கம் வானத்தோடு ஒத்துவரவில்லை, திருத்துங்கள் என்று தம் குலத்தாரையே நோக்கிச் சொன்னது. வாக்கியம் என்பது மனப்பாடமாக வந்த கணக்கு. திருக்கணிதம் என்பது கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்போகும் கணக்கு. 'திருக்' என்றால் பார்வை. நம் 'திரு' அன்று. 1880-இல் அவர் மறைந்தார். பிறப்பால் எவராயினும், பார்த்ததைச் சொல்லத் துணிந்தவரைப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை. திருக்கணிதக்காரர் சோதிடம் சொன்னால் அது மெய்யாகிவிடும் என்பது இதன் பொருளன்று. இடம் சரி, பலன் பொய், அவ்வளவே!

2021 ஏப்ரல் 17 மாலை, இந்திய வானில் நிலா செவ்வாயை மறைத்தது. அரிசுடாட்டில் கண்ட அதே செவ்வாய்! நம் வீடுகளில் 'செவ்வாய் தோசம்' என்ற பெயரால் எத்தனை பெண்களின் திருமணம் தட்டிப்போகிறது! கணவனைக் கொல்லும் என்று கைகாட்டப்படும் அந்தக் கோள், 25 கோடிக் கிலோமீட்டருக்கு அப்பால், தன்னை ஒரு நிலா மறைப்பதையும் அறியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குக் குலம் தெரியாது, சாதகக் கட்டம் தெரியாது. தோசமென்று ஒதுக்கப்பட்ட பெண்ணுக்குத் தெரியும், தன்னை வாட்டுவது வானத்திலில்லை, தரகர் மடியிலுள்ள தாளில் இருக்கிறது என்று.

சனியின் கதை இதனினும் சுவையானது. கும்பத்துக்குச் சனி பெயர்ந்தது 2023 சனவரி 17-இல் என்றது திருக்கணிதம். வாக்கியமோ 2023 திசம்பர் 20 என்றது. திருநள்ளாற்றில் விழா நடந்ததும் அந்நாளில்தான். ஒரே சனி, ஒரே ஆண்டில், இருமுறை வீடு மாறினார்! இவ்விரு நாட்களுக்கிடையே சனி வானில் நகர்ந்த இடைவெளி ஏறத்தாழ 8 பாகை. நிலாவைப் பதினாறு முறை பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தால் வரும் அகலம். 2024 சூலை 25-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், இந்தியாவின் பல பகுதிகளில் நிலா சனியை மறைத்தது. எவ்வூரில் எந்த மணித்துளியில் மறையும், எப்போது வெளிவரும் என்று வானியலார் முன்கூட்டியே சொல்லியிருந்தனர். அதற்கு இரண்டு தேதி இல்லை. பரிகாரம் இல்லை. எள்விளக்கும் இல்லை.

பின்னர் 2025 மார்ச்சு 29-இல், சனி மீனத்துக்குப் போய்விட்டார் என்றது திருக்கணிதம். அன்று பெயர்ச்சியே இல்லை, அடுத்த ஆண்டுதான் என்று திருநள்ளாற்றுக் கோயில் நிருவாகம் அறிவித்தது. இடைப்பட்ட மாதங்களில் சனி எந்த வீட்டில் குடியிருந்தார் என்று, பரிகாரச் சீட்டு எழுதித் தருவோரைக் கேட்டுப் பாருங்கள்.