துப்ராயப்பேட்டையில் ஒரு தறிக்கூடம்

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962-ல்தான், பெல்ஜியத்திலிருந்து வந்த மதலேன் த பிளிக் இங்கே 'வொலோன்தரியா' அமைப்பைத் தொடங்கினார். அது பின்னாளில் துப்ராயப்பேட்டையில் தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கைத்தறிக் கூடம் அமைத்தது. பிச்சை போடுவது எளிது. கூலி கொடுத்து, 'நாளைக்கு வேலைக்கு வாங்க' என்று சொல்வது வேறு மாதிரியான மரியாதை.

இந்தக் கைகளுக்கு வேலை தெரியுமா என்ற சந்தேகத்துக்கு 1947-லேயே பதில் கிடைத்திருந்தது. செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், மடங்கிய விரல்களைக் கொண்ட ஒருவரிடம் தன் கையை அழுத்தச் சொன்னார். பிடி வலித்தது! தசையில் வலு இருந்தது, போயிருந்தது உணர்ச்சிதான். விரல்கள் அழுகி உதிர்வதில்லை, சூடும் வெட்டும் தெரியாமல் காயப்பட்டுத் தேய்கின்றன என்பதை அவர் வேலூரில் விளக்கினார். அதனால் தறியை விட்டு எழுந்ததும் உள்ளங்கையைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். கொப்புளம் இருந்தாலும் வலிக்காது.

சட்டம் நிதானமாகத்தான் வந்தது. ஏழைத் தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க வழிவகுத்த, பிரிட்டிஷ் இந்தியாவின் 1898 சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. அதே ஆண்டு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொழுநோயிலிருந்து குணமானவர்களையும் தன் 21 வகைகளில் சேர்த்தது. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது அதன் 92-வது பிரிவு.

தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்க முடியாது என்று ஆவதற்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.