வாக்கும் நெல்லும்

தஞ்சாவூரில் சிவகங்கைக் குளத்தை ஒட்டினாற்போல ஒரு பழைய கிறிஸ்தவக் கோயில் இருக்கிறது. பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் அதை வெளியிலிருந்து பார்த்துவிட்டு நடந்துவிடுவார்கள். சிறு வயதில் நானும் அப்படித்தான் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். கதை எழுத ஆரம்பித்த பிறகு, சரபோஜி மன்னர் காலத்தைப் பற்றித் துருவிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் உள்ளே நுழைந்தேன்.

உள்ளே வெள்ளைச் சலவைக் கல்லில் ஒரு காட்சி. மரணப் படுக்கையில் ஒரு கிழவர். பக்கத்தில் ஓர் அரசர், கிழவரின் கையைத் தம் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிறார். கட்டிலோரத்தில் சில சிறுவர்கள். லண்டனில் ஃபிளாக்ஸ்மன் என்ற புகழ்பெற்ற சிற்பி செதுக்கியது. படுத்திருப்பவர் ஸ்வார்ட்ஸ் ஐயர். நிற்பவர் சரபோஜி. செதுக்கச் சொல்லிப் பணம் கொடுத்தவரும் அவர்தான்.

ஒரு பாதிரியாருக்குச் சபையார் ஞாபகச் சின்னம் வைத்தால் அதில் ஆச்சரியம் இல்லை. கும்பெனிக்காரர்கள்கூட இவருக்குச் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் கோயிலில் ஒன்று வைத்தார்கள். ஆனால் சரபோஜி கடைசி வரையில் தம் முன்னோர் மதத்திலேயே இருந்தவர். அவருக்கு என்ன வந்தது?

ஸ்வார்ட்ஸ் 1726-இல் பிரஷ்ய நாட்டில் ஸோனன்பர்க் என்ற ஊரில் பிறந்தவர். 1750-இல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார். சில மாதங்களிலேயே தமிழில் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிட்டார். பிறகு தஞ்சை அரண்மனைக்காக மராத்தியும், நவாபின் தர்பாருக்காகப் பாரசீகமும் கற்றுக்கொண்டார். திருச்சிராப்பள்ளியில் பல வருஷம், அப்புறம் தஞ்சாவூர். திருச்சியில் பழைய கட்டடம் ஒன்றில் ஒரு சின்ன அறை, நம் பக்குவத்தில் சோறும் காய்கறியும் - இவ்வளவுதான் அவர் குடித்தனம். கலியாணம் செய்துகொள்ளவில்லை. பிறந்த மண்ணுக்குத் திரும்பவும் இல்லை.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒரு நாள் வழியில் நட்டுவனார் ஒருவரையும் அவரிடம் நாட்டியம் கற்கும் பெண்ணையும் பார்த்தாராம். பாவத்தில் வாழ்கிறவர்கள் மோட்சம் போக முடியாது என்று உபதேசம் செய்தாராம். அந்தப் பெண் சற்றும் தயங்காமல், "அப்படியானால் வெள்ளைக்காரர்களில் ஒருவர்கூட அங்கே போகமாட்டார்கள் போலிருக்கிறதே, ஐயா" என்றாளாம்.

இதைவிடக் கூர்மையான விமரிசனம் இருக்க முடியுமா? தஞ்சாவூர் ஜனங்கள் கிறிஸ்தவ வேதத்தைப் படிக்குமுன் கிறிஸ்தவர்களைப் படித்துவிட்டார்கள். 1773-இல் கும்பெனிப் படையும் நவாபின் படையும் சேர்ந்து தஞ்சையைப் பிடித்து, துளஜா மகாராஜாவைச் சிறை வைத்ததையும், 1776-இல் திரும்ப அரசு கொடுத்ததையும் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களுக்கு முன்னால் என்ன பிரசங்கம் செய்து என்ன பயன்? வாழ்ந்து காட்டுவதைத் தவிர ஐயருக்கு வேறு வழி இருந்திருக்காது.

அதற்குச் சோதனையும் வந்தது. 1780-இல் ஹைதர் அலி கர்நாடகத்தின் மேல் படையெடுத்தார். காவேரிக் கரை நாடு பாழாயிற்று. தஞ்சைக் கோட்டைக்குள் தானியம் இல்லை. சிப்பாய்கள் தெருவிலே பசியால் சுருண்டு விழுந்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இல்லாமல் இல்லை. கொண்டுவரத்தான் ஆள் இல்லை. முன்னே கொண்டுவந்தவர்களுக்குக் காசு கொடுக்கவில்லை, மாட்டையும் பறித்துக்கொண்டார்கள். மறுபடி யார் வண்டி கட்டுவார்கள்? ராஜா சொல்லிப் பார்த்தார், கும்பெனியார் சொல்லிப் பார்த்தார்கள், ஒருவரும் அசையவில்லை. உங்கள் பேச்சும் என் பேச்சும் இனிமேல் எடுபடாது, ஐயர் சொன்னால் நம்புகிறார்களா பார்ப்போம் என்கிற நிலைக்கு ராஜாவே வந்துவிட்டார்.

ஸ்வார்ட்ஸ் கிராமங்களுக்குக் கடிதம் எழுதினார். எதிரி பிடித்துக்கொண்டு போகும் ஒவ்வொரு மாட்டுக்கும் தம் கையாலேயே பணம் தருவதாக வாக்குக் கொடுத்தார். இரண்டு மூன்று நாளில் 1,000 மாடுகளுக்கு மேல் வந்துவிட்டன. உபதேசியார் ஒருவரும் வேறு சிலரும் உயிரைப் பணயம் வைத்துக் கிராமம் கிராமமாகப் போனார்கள். கோட்டைக்குள் 80,000 கலம் நெல் வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் இரண்டு கலம் ஒரு மூட்டை; அந்தக் கணக்கில் 40,000 மூட்டை! எல்லாம் முடிந்த பிறகு, கையில் இருந்த பிறர் பணத்தையும் போட்டு எல்லோருக்கும் கணக்குத் தீர்த்து, மேலே சிறிது வெகுமதியும் கொடுத்து அனுப்பினார்.

எங்கள் தாத்தா நெல் விற்றபோது பத்திரம் எழுதி நான் பார்த்ததில்லை. "அவன் நாணயஸ்தன்" என்பார். அவ்வளவுதான், மூட்டை வண்டியில் ஏறிவிடும். காசுக்கும் நேர்மைக்கும் நம் பாஷையில் ஒரே சொல். தஞ்சை அரசில் அன்று அச்சடித்த நாணயம் செல்லவில்லை. அந்த மனிதரின் நாணயம் சென்றது.

அதே கதைதான் 1780-களின் நடுவிலும் நடந்தது. அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் குடியானவர்கள் ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள். ஜூன் மாதம் தொடங்கவேண்டிய சாகுபடி வேலை செப்டம்பர் பிறந்தும் தொடங்கவில்லை. காவேரியில் தண்ணீர் போகிறது, வயல் தரிசாகக் கிடக்கிறது - இதைவிட வயிற்றெரிச்சல் எங்கள் சீமையில் வேறு உண்டா? ராஜா அழைத்தார், ஒருவரும் வரவில்லை. ஐயர் பொறுப்பேற்று அழைத்தார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தார்கள். பருவம் தப்பிப்போனதை ஈடு செய்ய இரவும் பகலும் உழைத்தார்கள்.

அவருக்கு எல்லாமே பலித்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1779-இல் கும்பெனியார் அவரை ஹைதரிடம் சமாதானத் தூதாக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள். அனுப்பினால் இந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், இவர் என்னை ஏமாற்றமாட்டார் என்பது ஹைதரின் எண்ணம். வழிச் செலவுக்கென்று ஹைதர் கொடுத்த 300 ரூபாயை அவர் சர்க்காரிடம் ஒப்படைக்கப் பார்த்தார். அவர்கள் வாங்காமற்போகவே, அதை அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு முதலாக வைத்தார். ஆனால் மறு வருஷமே யுத்தம் வந்துவிட்டது. நல்லவருடைய வாக்கைத் தங்கள் காரியத்துக்கு முகமூடியாக மாட்டிக்கொள்ள அரசியல்காரர்களுக்குத் தெரியும். யுத்தம் நடக்கும்போதும், பாதிரியாரை யாரும் தொடக்கூடாது என்று ஹைதர் தம் ஆட்களுக்கு உத்தரவு போட்டிருந்தார் என்பது தனி விஷயம்.

ஜாதி விஷயத்திலும் அவர் கை தளர்ந்துதான் இருந்தது. அவருடைய சபையிலே ஜாதிக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்து தொழுதார்கள்; அவர் அதை மாற்றவில்லை. அந்த வழக்கு 1830-களில் பெரிய சண்டையாக வெடித்தது.

சரபோஜி விஷயத்தில் செய்த பிழைதான் பெரிது. 1787-இல், சாகக் கிடந்த துளஜா மகாராஜா, பத்து வயதுச் சுவீகாரப் பிள்ளையை ஐயரிடம் ஒப்படைக்க நினைத்தார். அது தம்மால் ஆகாது, தம்பி அமர்சிங்கிடம் விடுங்கள் என்றார் ஐயர். அமர்சிங் சிம்மாசனத்தில் தாமே உட்கார்ந்துகொண்டார். சுவீகாரம் செல்லாது என்று பண்டிதர்களும் சொல்லிவிட்டார்கள். பையன் அரண்மனைக்குள்ளேயே சிறைப்பட்டவன் போல் ஆனான்.

தாம் சொன்ன யோசனையால் வந்த வினை என்று ஐயருக்குப் புரிந்திருக்க வேண்டும். சென்னைக்கு ஓயாமல் எழுதினார். பையனுக்குக் காவல் போட வைத்தார். படிப்பு சொல்லிக் கொடுத்தார். 1793-இல் அவனைச் சென்னைக்குப் பத்திரமாக அனுப்பி வைத்தார். சுவீகாரம் செல்லும் என்று வாதாடினார். கூடவே அவரிடம் வளர்ந்த இன்னொரு பிள்ளை, திருநெல்வேலியிலிருந்து வந்த வேதநாயகம், பிற்காலத்தில் வேதநாயக சாஸ்திரியாராகிப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். ஒரே கையில் வளர்ந்த ஒருவர் கிறிஸ்தவக் கவிராயர். மற்றவர் சரஸ்வதி மகாலைப் பெருக்கிய இந்து மன்னர்.

1798 பிப்ரவரி 13-ஆம் தேதி ஐயர் காலமானார். அந்த வருஷம் ஜூன் மாதக் கடைசியில் சரபோஜி பட்டத்துக்கு வந்தார். நாலரை மாதம் முந்திப் போய்விட்டார் கிழவர். பெட்டியை மூடுமுன் சரபோஜி வந்து பார்த்து அழுதார், பொன்னாடை போர்த்தினார், கல்லறை வரைக்கும் கூடவே போனார். கல்லறைக்காக ஆங்கிலத்தில் சில வரிகளும் தாமே எழுதினார்.

சலவைக் கல்லை மறுபடி பார்த்தேன். சிற்பி எத்தனையோ நுணுக்கம் காட்டியிருக்கிறார். என் கண் அந்த இரண்டு கைகளை விட்டு நகரவில்லை. 1787-இல் பிடிக்க மறுத்த கை அது. பிறகு பத்து வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கையும் அதுதான்.

வெளியே வந்தபோது ஒரு நெல் லாரி போய்க்கொண்டிருந்தது. தாத்தா ஞாபகம் வந்தது.