இமயமும் இமாலயமும்

'இமாலய சாதனை', 'இமாலயத் தவறு' என்றெல்லாம் எழுதுகிறோம். அவற்றில் பனி கரைந்துவிட்டது. பருமன் மட்டுமே எஞ்சியிருக்கிறது. வடமொழியில் 'ஹிம' பனி, 'ஆலய' உறைவிடம். குளிர்காலத்தைக் குறிக்கும் இலத்தீன் 'ஹியெம்ஸ்', ரஷ்ய 'ஜிமா' இரண்டும் அந்த 'ஹிம'வின் உறவினரே. மலைப்பெயரும் வெகுதூரம் போயிற்று. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி அதை 'இமாவுஸ்' என்று எழுதி, அந்நாட்டார் மொழியில் பனி மிக்கது என்று பொருளும் தருகிறார். அடுத்த நூற்றாண்டில் புவியியலாளர் தாலமி, சித்தியா நாட்டையே இமாவோஸுக்கு இப்பால், அப்பால் எனப் பிரித்தார்.

'இமயம்' தனித்தமிழ்ச்சொல், ஒளிர்தலைக் குறிக்கும் 'இமைத்தல்' அதன் வேர் என்பார் உண்டு. பனிச்சிகரம் ஒளிர்வது உண்மைதான்; இமைத்தலுக்கு அப்பொருள் சங்கப் பாடல்களிலேயே இருப்பதும் உண்மை. ஆனால் ஹேமந்தம் 'ஏமந்தம்' ஆனதுபோல, முதல் ஹகரத்தை விடுவது தமிழின் வழக்கம். பிளினி கேட்டுச் சொன்ன பொருளும் பனியே, ஒளி அன்று. ஆகவே கடன் என்பதே எனக்கு வலுவாகப் படுகிறது. அதனால் இமயம் நமக்கு அந்நியமாகிவிடாது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பெயரிலேயே அது ஊன்றி நிற்கிறது. 'பனிமலை' அழகிய சொல், ஆனால் ஆல்ப்ஸுக்கும் பொருந்தும். மலைக்கு இமயம் போதும். தவற்றுக்கு 'மாபெரும்' போதும்.