உப்பளத்தில் தொழிலாளி யார்? ஆறுமுகநேரியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தூத்துக்குடிக் கடற்கரையின் உப்பளப் பகுதிகளுள் ஆறுமுகநேரி குறிப்பிடத்தக்கது. அதனை அடுத்த சாகுபுரத்தில் 1950களின் இறுதியில் தாராங்கதாரா இரசாயன ஆலை நிறுவப்பெற்றது. அந்நிறுவனம் ஒரு தரப்பாக நின்ற வழக்கொன்று, உப்புத் தொழிலாளர் உரிமை வரலாற்றில் இன்றியமையாத இடம் பெறுகிறது.

சௌராஷ்டிரத்தில் நிறுவனத்திடம் பாத்தி பெற்று உப்பு விளைவித்த அகரியாக்கள், உப்பின் எடைக்கேற்பக் கூலி பெற்றனர். குடும்பத்தாருடன் உழைத்த அவர்கள், உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளவும் இயன்றது. ஆகவே அவர்கள் ஒப்பந்தக்காரரே என்பது நிறுவனத்தின் வாதம். 1956 நவம்பர் 23இல் உச்சநீதிமன்றம் இதனை மறுத்தது. வேலை செய்யும் முறையைக் கட்டுப்படுத்தும் உரிமை யாரிடம் உள்ளது என்பதனை அது அளவுகோலாகக் கொண்டது. உற்பத்தியின் ஒவ்வொரு நிலையிலும் நிறுவனத்தின் மேற்பார்வை இருந்தமையால், 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டப்படி அகரியாக்கள் தொழிலாளரே என்னும் தீர்ப்பாயத்தின் முடிவு நிலைபெற்றது.

இவ்வினா இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அரசுகள், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் என முத்தரப்பினரும் வாக்களிக்கும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2006இல் நிறைவேற்றிய 198ஆம் பரிந்துரையும், ஒப்பந்தம் சூட்டும் பெயரைவிட உண்மையான பணிநிலையையே முதன்மையாகக் கொள்கிறது.

எனினும், தகராறு எழுப்பும் உரிமை வேறு; வேலையற்ற நாளின் உணவு வேறு. வடகிழக்குப் பருவமழையில் தூத்துக்குடி உப்பளங்களில் உற்பத்தி நின்றுவிடும். அம்மாதங்களுக்குத் தமிழக அரசு வழங்கும் 5,000 ரூபாய் உதவித்தொகை இவ்விடைவெளியை ஏற்றுக்கொண்டதன் அடையாளம். அதனைப் பெறுவதற்கும் உப்பளத்தில் உழைப்பவர் முதலில் ‘தொழிலாளி’ எனப் பதிவுபெறல் வேண்டும்.