கத்திக்கு முந்திய கண்

உடலுக்குள் இருக்கும் ஒரு கட்டியை வெட்டி எடுப்பது கடினமா, அது எங்கே இருக்கிறது என்று அறிவது கடினமா? மாணவ நேயர்களே, உங்களுட் பெரும்பாலோர் முன்னதையே சொல்வீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட கட்டியின் வரலாறோ அதற்கு நேர்மாறானது.

இரைப்பை, குடல், கணையம் முதலிய உறுப்புகளில் ஹார்மோன் சுரக்கும் நுண்ணிய உயிரணுக்கள் விரவிக் கிடக்கின்றன. அவற்றினின்று எழுவனவே நியூரோ எண்டோகிரைன் கட்டிகள். 1907-இல் மியூனிக் நகரத்து ஓபர்ன்டார்ஃபர் சிறுகுடலில் தோன்றும் இத்தகைய கட்டிகளுக்குப் ‘புற்றுநோய் போன்றவை’ என்னும் பொருளில் ‘கார்சினாய்டு’ என்று பெயரிட்டார். தீங்கற்றவை என்றே அன்று கருதினார். அவை கொடியனவாதலும் உண்டு என்று 1929-இல் தாமே திருத்திக் கூறினார்.

இவ்வினத்துள் கணையத்தில் தோன்றும் இன்சுலின் கட்டி ஒன்றையே இங்கு விரித்துச் சொல்ல விரும்புகிறேன். அது வேளை பாராது இன்சுலினைச் சொரிந்து இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். நோயாளி வியர்ப்பார், பிதற்றுவார், நினைவிழந்து வீழ்வார். சர்க்கரை கொடுத்தால் தெளிவார். சித்தப்பிரமை என்றும் காக்கைவலிப்பு என்றும் தவறாக எண்ணப்பட்டவர்கள் பலர்.

அமெரிக்காவில் வில்லியம் மேயோ இத்தகைய நோயாளி ஒருவரின் வயிற்றைத் திறந்து பார்த்தார். அந்நோயாளியும் ஓர் அறுவை மருத்துவரே. கணையத்தில் கட்டி இருந்தது. ஆனால் கல்லீரலுக்கும் பரவிவிட்டிருந்தது. வெட்டி எடுக்க இயலவில்லை. 1927-இல் இச்செய்தி வெளியாயிற்று. ஈராண்டு கழித்து, இன்சுலின் கண்டறியப்பட்ட அதே டொராண்டோ நகரில், ராஸ்கோ கிரஹாம் ஒரு பெண்மணியின் கணையத்திலிருந்து சிறு கட்டியை அகற்றி நோயைத் தீர்த்தார்.

கிரஹாமைப் பின்பற்றிய எல்லோருக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. இக்கட்டிகளுட் பெரும்பாலானவை இரண்டு சென்டிமீட்டருக்கும் சிறியவை. கணையமோ இரைப்பைக்குப் பின்னால் மறைந்து கிடப்பது. மருத்துவர் விரலால் தடவித் தேடுவார்; விரலுக்கு அகப்படாவிட்டால், கட்டி அங்கே இருக்கலாம் என்னும் ஊகத்தில் கணையத்தின் வால்பகுதியை வெட்டி எடுப்பார். கட்டியோ தலை, உடல், வால் என மூன்றிடத்தும் ஏறத்தாழ ஒப்பவே தோன்றுவது. ஆகவே நல்ல கணையத்தின் பெரும்பகுதியை இழந்தும், கட்டியைத் தலைப்பகுதியில் வைத்துக்கொண்டே வீடு திரும்பியவர்கள் உண்டு. இழப்பு மிகுந்தால் நீரிழிவும் வந்து சேரும். அந்த மருத்துவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். அவர்களுக்குப் பார்க்க வழியில்லை.

1971 அக்டோபர் 1 அன்று, ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த கருவி லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைக் குறுக்கு வெட்டுப் படமாகக் காட்டியது. பின்னர் வந்த கருவிகள் வயிற்றையும் அவ்வாறே காட்டின. கட்டி எங்கே என்பதோடு, எதை ஒட்டி இருக்கிறது என்பதும் தெரியவந்தது. கணைய நாளத்தினின்று விலகி, மேற்பரப்பில் இருந்தால், பலாச்சுளையிலிருந்து கொட்டையை எடுப்பதுபோல் கட்டியை மட்டும் எடுக்கலாம். நாளத்தைத் தொட்டிருந்தால், கணையத்தின் ஒரு பகுதியையும் சேர்த்தே வெட்ட நேரும். இம்முடிவை இப்பொழுது முதல் நாளே எடுக்கலாம், நோயாளியிடமும் சொல்லலாம்.

அடுத்த முன்னேற்றம் வேதியியலால் வந்தது. அதுவே என்னைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்துவது. 1973-இல் கீய்மேனின் ஆய்வுக்கூடத்தார் சோமட்டோஸ்டாட்டின் என்னும் ஹார்மோனைக் கண்டறிந்தனர். இக்கட்டிகளுட் பல, அதனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளைத் தம்மேல் மிகுதியாகத் தாங்கி நிற்பவை. அதனை ஒத்த பொருளொன்றில் கதிரியக்க அயோடினைப் பிணைத்து உடலிற் செலுத்தினால் கட்டிகள் தாமே தம்மைக் காட்டிக்கொடுக்கும் என்று 1989-இல் ராட்டர்டாம் நகரத்துக் கிரென்னிங்கும் அவர்தம் தோழரும் காட்டினர். இன்று கேலியம்-68 கொண்டு இதனினும் தெளிவான படம் எடுக்கப்படுகிறது. உடல் முழுவதும் ஒரே படத்தில் வருவதால், கல்லீரலிலும் எலும்பிலும் பரவியிருந்தால் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். மேயோ வயிற்றைத் திறந்த பின்னர் அறிந்ததை இன்று திறவாமலே அறியலாம். வெட்டுவதா, எவ்வளவு வெட்டுவது, மருந்தே போதுமா என்று கூடி ஆராயலாம்.

விந்தை என்னவெனில், இன்சுலின் கட்டிகளுட் பலவற்றில் இவ்வேற்பிகள் குறைவு. படத்தில் அவை தோன்றாமற் போவதுண்டு. அவற்றிற்கென வேறோர் ஏற்பியை நாடும் முறையைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் 2008-இல் வெளியிட்டனர். இத்தனை படங்களும் கையில் இருந்தும், வயிற்றைத் திறந்த மருத்துவர் சிறியதோர் ஒலியலைக் கருவியைக் கணையத்தின் மீதே வைத்துப் பார்க்கிறார். பின்னர், கிரஹாம் காலத்தவர் செய்தது போலவே, விரலாலும் ஒருமுறை தடவிப் பார்க்கிறார்.