காகிதப் பையிலிருந்து கிளம்பிய பாட்டு: ‘ஹவுண்ட் டாக்’கின் பாடபேதங்கள், 1952–2022

‘ஹவுண்ட் டாக்’ என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் எல்விஸ் பிரெஸ்லி. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் பிக் மாமா தார்ன்டன் என்பார்கள். இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கறுப்பினப் பெண்ணின் பாட்டை வெள்ளை இளைஞன் எடுத்துக்கொண்டான் என்று கதையை முடித்துவிடுவது வழக்கம். அது பொய்யில்லை. ஆனால் இருவருக்கும் நடுவில் நின்ற ஓர் ஆள் அந்தக் கதையில் காணாமல் போகிறார். கர்நாடக இசைக்காரர்கள் பாடாந்தரம் என்பார்கள்: ஒரே கிருதி, எந்தக் குருவிடம் கற்றோம் என்பதைப் பொறுத்து வேறு உருவில் வரும். எல்விஸின் பாடாந்தரம் தார்ன்டனிடமிருந்து நேராக வந்ததல்ல. எது யாரிடமிருந்து வந்தது, வழியில் எது உதிர்ந்தது, அதில் எதற்குக் காசு கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

1952 ஆகஸ்ட், லாஸ் ஏஞ்சலஸ். இசைக்குழுத் தலைவர் ஜானி ஓட்டிஸின் வீட்டு கார் ஷெட்டில் ஒத்திகை. ஓட்டிஸ் கிரேக்கக் குடியேறிகளின் பிள்ளை; ஆனால் கறுப்பினத்தவர் நடுவே, கறுப்பினத்தவராகவே வாழ்வதென்று முடிவெடுத்தவர். அவர் வரவழைத்த ஜெரி லீபர், மைக் ஸ்டோலர் இருவரும் யூதக் குடும்பத்துப் பையன்கள். இருவருக்கும் வயது 19. பாட வேண்டியவர் வில்லி மே தார்ன்டன். 1926இல் அலபாமாவில் பிறந்தவர், தந்தை பாப்டிஸ்ட் போதகர். 14 வயதில் ஊர் ஊராகச் செல்லும் மேடைக்குழு ஒன்றில் சேர்ந்துவிட்டார். மௌத் ஆர்கனும் டிரம்ஸும் தாமாகப் பழகியவை. ஆஜானுபாகுவான உருவம், அடிக்கடி ஆண்கள் உடுப்பு, உறுமும் குரல். அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் லீபர் காரைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே வரிகளைக் கட்டினார், வீட்டில் ஸ்டோலர் பியானோவில் உட்கார்ந்தார், கால் மணி நேரத்தில் பாட்டு முடிந்தது என்பது அவர்கள் பல முறை சொன்ன கணக்கு.

ஒத்திகையில் நடந்ததைப் பற்றி இரண்டு சாட்சியங்கள் உள்ளன. தார்ன்டன் அதை மெல்லிசைபோல் குழைந்து பாட ஆரம்பித்தார், அப்படியல்ல என்று லீபர் பாடிக் காட்ட வேண்டியிருந்தது என்பது எழுதியவர்கள் தரப்பு. பையன்கள் ஒரு காகிதப் பையின் பின்பக்கத்தில் வரிகளை எழுதிக்கொண்டு வந்தார்கள், இடையிடையே வரும் பேச்சும் கூச்சலும் என் சொந்தச் சரக்கு என்பது தார்ன்டன் தரப்பு. ஒன்றை ஏற்றால் மற்றதைத் தள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பாட்டு காகிதத்தில் எவ்வளவு இருக்கும், தொண்டையில் எவ்வளவு இருக்கும் என்பதில் இரு தரப்பும் வேறு வேறு பங்கைத் தங்களுடையது என்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 13 அன்று ரேடியோ ரெக்கார்டர்ஸ் ஸ்டூடியோவில் பதிவு நடந்தது. வழக்கமான டிரம்மருக்கு ஒத்திகையில் கிடைத்த அடி கிடைக்கவில்லை. ஓட்டிஸே குச்சியை எடுத்துக்கொண்டு டிரம்ஸில் உட்கார்ந்தார். பித்தளை வாத்தியம் ஒன்றுகூட இல்லை. பீட் லூயிஸின் கிட்டார், ஒரு பாஸ், டிரம்ஸ், கைத்தட்டல், அவ்வளவே. அந்தத் தட்டைக் கூர்ந்து கேளுங்கள். வாத்தியம் எதுவும் தொடங்குமுன் தார்ன்டனின் குரல் நேராக வந்து இறங்குகிறது. 12 பார் புளூஸ் என்பது பெயருக்குத்தான். சுற்றின் எல்லையை அவர் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. கிட்டார் தனித்து வாசிக்கும்போது அவர் பாடாமல் பேசுகிறார், உசுப்புகிறார், அதட்டுகிறார். முடிவில் குழுவினர் நாயாகக் குரைத்து ஊளையிடுகிறார்கள். இதில் எதுவும் காகிதப் பையில் இருந்திருக்க முடியாது.

பாட்டின் பொருளை இங்கேயே பிடித்துக்கொள்ள வேண்டும், பின்னால் அது கைநழுவப் போகிறது. இதில் வரும் வேட்டைநாய் நாயல்ல. பெண்ணின் வீட்டில் ஒட்டிக்கொண்டு, அவள் சம்பாத்தியத்தில் தின்று, வேறு வாசலிலும் மோப்பம் பிடிக்கும் ஆண். நம் ஊரில் தண்டச்சோறு என்று சொல்லிக் கதவைச் சாத்துவார்களே, அதே கோபம். கூடவே படுக்கையறை சார்ந்த இரட்டை அர்த்தமும் உண்டு. 1920களின் புளூஸ் பாடகிகள் வளர்த்துவிட்ட பேச்சு முறை இது. பேசுபவள் பெண், கேட்பவன் ஆண் என்ற உறவுதான் பாட்டின் முதுகெலும்பு.

1953இன் தொடக்கத்தில் ஹூஸ்டனின் பீகாக் நிறுவனம் தட்டை வெளியிட்டது. அதன் உரிமையாளர் டான் ரோபி, கறுப்பினத் தொழிலதிபர். ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் தட்டு 14 வாரம் இருந்தது, அதில் 7 வாரம் முதலிடம். ஐந்து லட்சத்துக்கு மேல் விற்ற அந்தத் தட்டிலிருந்து தமக்கு வந்தது ஒரே ஒரு 500 டாலர் காசோலை என்று தார்ன்டன் சொல்லியிருக்கிறார். எழுதியவர்களுக்கு ரோபி கொடுத்த 1,200 டாலர் காசோலை பணமில்லாமல் திரும்பி வந்தது என்பது லீபர், ஸ்டோலர் இருவரின் புகார்.

வெற்றிக்கு உடனே எசப்பாட்டு வந்தது. மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸின் சன் ரெக்கார்ட்ஸ், ரூஃபஸ் தாமஸைப் பாடவைத்து மார்ச் 1953இல் ‘பேர் கேட்’ என்ற தட்டைப் பதிவு செய்தது. அவள் அவனை நாய் என்றாள். அவன் அவளைக் காட்டுப்பூனை என்கிறான். மெட்டு அப்படியே அதே மெட்டு, உரிமம் எதுவும் வாங்கவில்லை. ரோபி வழக்குப் போட்டு ஜெயித்தார். சன் நிறுவனத்தின் முதல் பெரிய ஹிட் இதுதான். லாபத்தில் ஒரு பகுதி அபராதமாகப் போனது. இரண்டு ஆண்டு கழித்து, 1955 நவம்பரில், ஃபிலிப்ஸ் தம்மிடம் இருந்த ஓர் இளம் பாடகனின் ஒப்பந்தத்தை ஆர்சிஏ நிறுவனத்துக்கு 35,000 டாலருக்கு விற்றார். பாடகன் எல்விஸ். விற்கவைத்த பண நெருக்கடியில் இந்த வழக்குக்கும் பங்குண்டு என்று சிலர் எழுதியிருக்கிறார்கள்; நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். அதே 1953இல் நாட்டுப்புற வெள்ளை இசையான கன்ட்ரி பாடகர்களும் பாட்டை வரிசையாகப் பதிவு செய்தார்கள். யாரும் நினைவில் நிற்கவில்லை.

நிற்க வேண்டியவர் ஃப்ரெடி பெல். லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிகளின் சிறு மேடைகளில் ஆடிப்பாடி, வேடிக்கை காட்டிய பெல்பாய்ஸ் குழுவின் தலைவர். 1955இல் ஃபிலடெல்ஃபியாவின் டீன் ரெக்கார்ட்ஸ் அவர் பாடிய ‘ஹவுண்ட் டாக்’கை வெளியிட்டது. வானொலியில் எல்லா வீட்டிலும் ஒலிக்க வேண்டுமென்றால் படுக்கையறை வாடை போக வேண்டும். வால், வாசல், உள்ளே விடமாட்டேன் என்ற பேச்செல்லாம் போய், முயல் பிடிக்கத் தெரியாத நாயைப் பற்றிய வரி வந்தது. பாடுவது ஆண். எதிரில் நிற்பது மெய்யாகவே நாய். கரீபியச் சாயலில் திரும்பத் திரும்ப வரும் பாஸ் நடையும், சாக்ஸஃபோனும் சேர்ந்து அதை மேடை வேடிக்கையாக்கின. ஏடு பார்த்துப் பதிப்பிக்கிறவர்கள் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் போடும் சிறு மாற்றம்தான். ஆனால் அந்த ஒரு முயலால் பாட்டின் அர்த்தமே இடம் மாறிவிட்டது. லீபருக்கு அந்த வரி கடைசிவரை பிடிக்கவில்லை. அர்த்தமற்றது என்றே சொல்லிவந்தார். அர்த்தமற்றது என்பதால்தான் அது எங்கும் போக முடிந்தது என்பது என் எண்ணம். மாற்றிய வரிக்காகப் பெல்லுக்கு ஆசிரியர் என்ற பெயரும் கிடைக்கவில்லை, பங்கும் கிடைக்கவில்லை.

1956 ஏப்ரல் கடைசியில் எல்விஸ் லாஸ் வேகஸின் நியூ ஃபிரான்டியர் விடுதியில் இரண்டு வாரம் பாடினார். நடுவயதுக் கூட்டம் அவரை ரசிக்கவில்லை. ஓய்வு நேரத்தில் பெல்பாய்ஸ் ஆட்டத்தைப் பார்த்தார், பாட்டு ஒட்டிக்கொண்டது. தார்ன்டனின் தட்டையும் அவர் அறிந்திருந்தார் என்றே பலரும் கருதுகிறார்கள். ஆனாலும் அவர் வாயில் வந்தவை பெல்லின் வார்த்தைகள். மே மாதமே மேடையில் பாடத் தொடங்கி, ஜூன் 5 அன்று மில்டன் பெர்ல் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கிட்டார் இல்லாமல் பாடினார். முடிவில் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, இடுப்பை அசைத்து இழுத்த அந்தச் சில நிமிடங்களுக்காகப் பத்திரிகைகள் அவரைப் பிய்த்து எடுத்தன. ஜூலை 1 அன்று தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஸ்டீவ் ஆலன் அதற்குப் பரிகாரம் கண்டுபிடித்தார்: எல்விஸுக்கு வால் கோட்டு மாட்டி, எதிரே தொப்பி வைத்த ஒரு பாசெட் நாயை நிறுத்தி, அதைப் பார்த்துப் பாடவைத்தார். பெல் வார்த்தையில் செய்ததை ஆலன் கண்முன் காட்டிவிட்டார். பாட்டைக் கேட்க வேண்டியவனாக 1952இல் இருந்த ஆணின் இடத்தில், நான்கே ஆண்டில், விளக்கொளியில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு ஒரு நாய்.

மறுநாள் நியூயார்க் 24ஆம் தெருவில் உள்ள ஆர்சிஏ ஸ்டூடியோ. வெளியே ரசிகைகள் உண்மையான எல்விஸ் வேண்டும் என்று அட்டை பிடித்து நிற்கிறார்கள். உள்ளே எல்விஸ், கிட்டாரில் ஸ்காட்டி மூர், பாஸில் பில் பிளாக், டிரம்ஸில் டி.ஜே. ஃபான்டானா, கூடப் பாட ஜார்டனேர்ஸ். பெயருக்குத் தயாரிப்பாளர் ஸ்டீவ் ஷோல்ஸ். போதும், போதாது என்று சொன்னவர் எல்விஸ்தான். ஒரு டேக், இன்னொரு டேக் என்று 31 வரை போனது. அன்று உடனிருந்த புகைப்படக்காரர் ஆல்ஃபிரட் வெர்தைமரின் படங்களில், ஒலிபெருக்கிக்கு முன்னால் தரையில் குனிந்து, பாடியதைத் தாமே கேட்டுக்கொண்டிருக்கும் எல்விஸைக் காணலாம். முதல் நாள் இரவின் அவமானம் அந்தத் தட்டில் கோபமாக இறங்கியிருக்கிறது. ஃபான்டானாவின் டிரம் இயந்திரத் துப்பாக்கிபோல் வெடிக்கிறது. பெல்லின் வேடிக்கை ஒரு துளிகூட மிச்சமில்லை. தார்ன்டனின் கேலி, நிதானம், மூச்சுவிட்டு மிரட்டும் இடைவெளி எதுவும் இல்லை. மூன்று நிமிடம் நெருங்கிய பாட்டு இரண்டே கால் நிமிடத்தில் ஓடி முடிகிறது. இதை வெறும் நகல் என்று தள்ளுபவர்கள் டிரம்ஸைக் கேட்கவில்லை. வார்த்தைக்கு அர்த்தம் போனபின் ஓசை மட்டுமே அர்த்தமாக நின்ற பதிவு இது.

மறுபக்கம் ‘டோன்ட் பி க்ரூயல்’ வைத்து ஜூலை 13 அன்று தட்டு வெளிவந்தது. பொது ஜனப் பட்டியலில் 11 வாரம் முதலிடம். கன்ட்ரி பட்டியலிலும், ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலிலும்கூட முதலிடம். அமெரிக்கா வெள்ளைக்குத் தனி, கறுப்புக்குத் தனி என்று பிரித்துவைத்த மூன்று அலமாரியிலும் ஒரே தட்டு.

எழுதிய இருவரில் ஸ்டோலருக்கு இது தெரியாது. ஐரோப்பாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஸ்டோலர் பயணம் செய்த கப்பல் ஆன்ட்ரியா டோரியா. ஜூலை 25 இரவு மோதலுக்கு உள்ளாகி மறுநாள் மூழ்கியது. உயிர்காப்புப் படகில் தப்பி, சரக்குக் கப்பலில் நியூயார்க் துறைமுகம் வந்து சேர்ந்தவரிடம் லீபர், உலர்ந்த உடையோடு நின்று, பாட்டு பெரிய ஹிட் ஆகிவிட்டது, எல்விஸ் பிரெஸ்லி என்று ஒருவர் பாடியிருக்கிறார் என்றாராம். யார் அந்த எல்விஸ் என்பதுதான் ஸ்டோலரின் முதல் கேள்வி. தமக்கும் ஆசிரியர் பங்கு உண்டென்று ஓட்டிஸ் தொடுத்த வழக்கு 1957இல் தோற்றது. டிரம்ஸில் உட்கார்ந்ததற்குப் பங்கு கேட்க அன்றைய பதிப்புரிமைச் சட்டத்தில் இடமில்லை.

சட்டத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் காப்பாற்றியது எழுதப்பட்ட சொல்லையும் மெட்டையும் மட்டுமே. ஒரு பாட்டு உரிமையாளர் அனுமதியோடு ஒரு முறை தட்டாகிவிட்டால், தட்டுக்கு 2 சென்ட் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் பாடலாம். பதிவான ஒலிக்கு 1972 பிப்ரவரி 15க்கு முன் கூட்டாட்சிச் சட்டத்தில் பாதுகாப்பே கிடையாது. ஆகவே தார்ன்டனின் உறுமல், லூயிஸின் கிட்டார், ஓட்டிஸின் அடி, பெல்லின் பாஸ் நடை எல்லாம் வெட்டவெளியில் கிடந்த பொருள். எல்விஸின் பாட்டிலிருந்து 2 சென்ட் போனது காகிதப் பைக்கு. இதைத் திருட்டு என்று மட்டும் சொல்லி விடுவதில் எனக்குத் திருப்தியில்லாததற்குக் காரணம் அதுதான். திருட்டு என்றால் சட்டத்தை மீற வேண்டும். இங்கே எல்லாம் சட்டப்படியே நடந்தது.

பிந்தைய பாடாந்தரங்களில் பெரும்பாலானவை எல்விஸ் வழி. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1967இல் பிபிசி ஸ்டூடியோவில் வாசித்து, கூடவே குரைத்துக் கூத்தடித்தார். ஜான் லென்னன் 1972 ஆகஸ்டில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பாடியது தம் இளமைக்குச் செலுத்திய நன்றி. எட்டா ஜேம்ஸ் 2000ஆம் ஆண்டில் பாடியபோது மீண்டும் ஒரு பெண், எதிரில் மீண்டும் ஓர் ஆண். எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1981 சிறுகதைத் தொகுப்பில் இந்தக் கதையைப் பெயர் மாற்றி எழுதினார். அதில் வரும் வெள்ளைப் பாடகன், தன்னைக் கோடீஸ்வரன் ஆக்கிய பாட்டின் அர்த்தம் புரியாமல், அதை முதலில் பாடியவளிடம் மறுபடி மறுபடி வந்து நிற்கிறான். ஆய்வுக் கட்டுரைகள் பல பக்கம் எழுதியும் தொடாத இடம் அது.

தார்ன்டன் தம் பாட்டை விடவில்லை. 1965இல் லண்டனில் கிட்டார் கலைஞர் பட்டி கையின் குழுவோடு பதிவு செய்த ‘ஹவுண்ட் டாக்’கில் குரல் இன்னும் கனத்திருக்கிறது. அவர் எழுதிய ‘பால் அண்ட் செயின்’ பாட்டை 1967இல் ஜானிஸ் ஜாப்ளின் பாடிப் புகழடைந்தார். 1984 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் வாடகை விடுதி அறை ஒன்றில் இறந்தார். இறுதிச் சடங்கை நடத்தியவர் ஜானி ஓட்டிஸ். ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் எல்விஸ் நுழைந்தது 1986இல், தார்ன்டன் நுழைந்தது 2024இல்.

அதற்கு இரண்டு ஆண்டு முன், எல்விஸ் பற்றிய ஹாலிவுட் படத்துக்காக டோஜா கேட் ஒரு பாட்டு பாடினார். உதவாக்கரை ஆணை ஒரு பெண் திட்டும் பாட்டு. தலைப்பு ‘வேகஸ்’. எல்விஸ் காதில் பெல்லின் நாய் குரைத்த ஊர்ப் பெயர். அதில் திரும்பத் திரும்ப வரும் பழைய உறுமல் தார்ன்டனின் தட்டிலிருந்து எடுத்ததல்ல. படத்தில் தார்ன்டனாக நடித்த ஷோன்கா டுகூரே, அவரைப்போலவே பாடிக் கொடுத்தது. பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் லீபர் பெயரும் ஸ்டோலர் பெயரும் இருக்கின்றன. தார்ன்டன் பெயர் இல்லை.